துப்பாக்கிக்குப் பயந்தார்கள், சிலிண்டரை விட்டுவிட்டார்கள்

"எந்த ஊரு?" என்று யாராவது கேட்டு நான் "புழல்" என்று சொன்னால், அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். "உள்ளேயா, வெளியேயா?" சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஜெயிலை 2006-ல் எங்க ஊருக்கு மாற்றினாலும் மாற்றினார்கள், அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கு மேலாகச் சென்னைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் ஏரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது புழல் என்றால் ஜெயில், அவ்வளவுதான். பார்த்தவுடன் எடை போடுவதில் நம் ஆட்கள் கில்லாடிகள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்றைய மேட்டரும் அதேதான். பார்த்தவுடன் பயப்படுவது. அதுவும் தப்பான பொருளைப் பார்த்து.

போன வாரம் கேண்டீனில் செமஸ்டர் லீவுக்கு கோவா பிளான் ஓடிக்கொண்டிருந்தது (வருஷா வருஷம் ஓடும், எப்போதும் மகாபலிபுரத்தோடு முடியும் :-) ). நம் செட்டில் ஒருத்தன் அவன் அண்ணனுடைய பெயிண்ட்பால் துப்பாக்கியைக் கொண்டு வருகிறேன் என்றான். கூடவே ஒரு சந்தேகம்: "மச்சி, இதை ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போக விடுவாங்களா?"

உடனே ஆளுக்கு ஒரு தீர்ப்பு. "விளையாட்டுச் சாமான்தானே, விட்ருவான்" என்றான் ஒருத்தன். "வாசல்லயே புடிச்சி இவன் ஊருக்கு அனுப்பிடுவான்" என்று என்னைக் கை காட்டினான் இன்னொருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் தெருவில் கிட்டத்தட்ட இதே கதை நிஜமாகவே நடந்திருக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவன். வடசென்னைப் பையன் என்றால் பாக்ஸிங், ஃபுட்பால், கேரம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது தப்பும் இல்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண்தான். ஆனால் கேரம் ஸ்டிரைக்கரையும் பாக்ஸிங் கிளவுஸையும் பையில் போட்டுக்கொண்டு நேராக ஏர்போர்ட்டுக்குள் போய்விடலாம். இவன் விளையாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

டெல்லியில் போட்டி. வாழ்க்கையிலேயே முதல் ஃப்ளைட். ரைபிள் அவன் பயிற்சி எடுக்கும் இடத்தில் இரவல் கொடுத்தது. அப்பா லாரி டிரைவர். டிக்கெட் போடவே வீட்டில் பெரிய பஞ்சாயத்து. நானும் அவன் அம்மாவும் ஏர்போர்ட் வரை கூடப் போனோம். உள்ளே அவன், கண்ணாடிக்கு வெளியே நாங்கள், நடுவில் செல்போன்.

கவுன்டரில் முதல் ஆள் கேட்டது, "லைசென்ஸ் எங்கே?" இவன் சொன்னான், "சார், இது ஏர் ரைபிள். இதுக்கு லைசென்ஸ் கிடையாது." அவன் சொன்னது உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அவர் நம்பவில்லை. இரண்டாவது ஆள் வந்தார். "லைசென்ஸ் வேணாம், ஆனா ஆயுதத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கு" என்றார். மூன்றாவது ஆள் வந்து கடிதத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, ஆதார் கார்டில் முகவரியைப் பார்த்து, "புழலா?" என்று ஒரு சிரிப்பு சிரித்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மூடச் சொன்னார்கள். மறுபடி திறக்கச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது நிமிஷம். கடைசியில் அம்மா கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் கட்டிவிட்டு, ஓடிப்போய் ஃப்ளைட் ஏறினான்.

இதுவரைக்கும் கேட்டால் வழக்கமான 'ஏழைப் பையனை அலைக்கழித்தார்கள்' கதை. ஆனால் அன்று ராத்திரி அவனிடமிருந்து ஒரு போன் வந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? திட்டக்கூடாது."

"சொல்றா."

"சிலிண்டர்ல காத்தை எறக்க மறந்துட்டேன். இப்பதான் பாத்தேன். மீட்டர்ல நூத்தி எண்பது காட்டுது. யாருமே கேக்கலண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வகை ஏர் ரைபிளும் சரி, பெயிண்ட்பால் துப்பாக்கியும் சரி, உள்ளே வெடிமருந்து என்று எதுவும் கிடையாது. அழுத்தி அடைத்த காற்று, அல்லது கார்பன் டை ஆக்சைடு, அதுதான் குண்டைத் தள்ளுகிறது. பெயிண்ட்பால் பிறந்த கதையே வேடிக்கையானது. அமெரிக்காவில் மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்தில் இருந்தே அடையாளக் குறி போட ஒரு சாயத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். 1981 ஜூனில் நியூ ஹாம்ப்ஷைரில் பன்னிரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஒருத்தரை ஒருத்தர் சுட்டு விளையாடினார்கள். அதுதான் முதல் ஆட்டம். அந்தக் குண்டும் மருந்துக் கேப்ஸ்யூல் மாதிரி ஜெலட்டின் தோல்தான், உள்ளே தண்ணீரில் கழுவினால் போகிற சாயம்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? சிலிண்டரில்.

பைக் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. பக்கம் காற்று அடிப்போம். ஜி.என்.டி. ரோட்டில் நிற்கும் லாரிகளுக்கு நூறுக்கு மேல் போகும். அந்த லாரி டயர் ஒன்று வெடித்தால் என்ன ஆகும் என்று மாதவரம் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பெயிண்ட்பால் காற்றுச் சிலிண்டரில் இருப்பது 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ. தம்பியின் சிலிண்டரில் அன்றைக்கு இருந்தது 180 பார், அதாவது சுமார் 2600 பி.எஸ்.ஐ. லாரி டயரைப் போல இருபது மடங்குக்கு மேல், முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு குழாய்க்குள்.

இந்த விஷயத்தை நான் முதலில் சொன்னது எங்க பெரியப்பாவிடம். அவர் மாதவரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் "துப்பாக்கியை எடுத்துட்டு ஃப்ளைட்ல..." என்று ஆரம்பித்ததும் அவர் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சிலிண்டர்ல காத்து இருந்துச்சா? வால்வைத் தொறந்து காட்டுனானா?" என்றுதான் கேட்டார். பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தலைமூடி போடாமல் உருட்டினால் பெரியப்பா அடிக்கவே வருவார். கீழே விழுந்து வால்வு உடைந்தால் அது சிலிண்டர் இல்லை, ராக்கெட். நாற்பது நிமிஷம் மூன்று பேர் கேட்காத கேள்வியை எங்க பெரியப்பா நாலு செகண்டில் கேட்டுவிட்டார்.

"மேலே போனா காத்தழுத்தம் குறையும், அதனால சிலிண்டர் தானா வெடிக்கும்" என்று நம் கிளாஸில் ஒருத்தன் விளக்கம் கொடுத்தான். அது சரியில்லை. சரக்கு அறையிலும் பயணிகள் பகுதி போலவே அழுத்தம் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். அப்படியே குறைந்தாலும் அதிகபட்சம் ஒரு பார். 180 பார் தாங்குகிற பாத்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை வேறு. பெட்டியைத் தூக்கிப் போடும்போது வால்வு அடிபடலாம். ரன்வே வெயிலில் சூடேறலாம். கார்பன் டை ஆக்சைடு என்றால் சூட்டுக்கு அழுத்தம் இன்னும் கிடுகிடுவென ஏறும். சிலிண்டர் பழசாகி உலோகம் பலவீனமாகி இருக்கலாம். எங்கேயாவது தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2008 ஜூலை 25-ம் தேதி ஹாங்காங்கிலிருந்து மெல்போர்னுக்குப் போன குவான்டாஸ் 747 விமானத்தில், சரக்கு அறைப் பக்கம் இருந்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நடுவானில் வெடித்தது. அது பயணியின் சாமான் இல்லை, விமானத்தின் சொந்த அவசரகாலச் சிலிண்டர். விமானத்தின் வயிற்றில் பெரிய ஓட்டை. சிலிண்டர் மேலே எகிறி, பயணிகள் பகுதியின் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, ஒரு கதவின் கைப்பிடியில் மோதி, பிறகு வந்த ஓட்டை வழியாகவே கடலில் விழுந்துவிட்டது. உள்ளே 350-க்கும் மேற்பட்டவர்கள். விமானி மணிலாவில் பத்திரமாக இறக்கினார், ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. முறையாகப் பராமரிக்கப்பட்ட சிலிண்டருக்கே இந்த நிலைமை என்றால், இரவல் வாங்கிய சிலிண்டரை டவலில் சுற்றி எடுத்துப்போன எங்கள் தம்பியின் கதை என்ன?

சரி, அப்படியென்றால் துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுவது முட்டாள்தனமா? அப்படிச் சொல்லிவிட்டால் நானும் பார்த்தவுடன் எடை போடும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். பொம்மைத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் பெரிய வரலாறே இருக்கிறது.

1971 ஜனவரி 30. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினார்கள். கையில் இருந்தது போலித் துப்பாக்கியும் மரத்தால் செய்த கையெறி குண்டும். விமானம் லாகூரில் எரிக்கப்பட்டது. அடுத்து இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து டாக்காவுக்குப் போக அவர்கள் இலங்கை வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. அந்த வருஷக் கடைசியில் பங்களாதேஷ் போர்.

1978 டிசம்பர் 20. இந்திரா காந்தியை விடுதலை செய்யச் சொல்லி பாண்டே என்ற பெயர் கொண்ட இரண்டு பேர் லக்னோவிலிருந்து டெல்லி போன விமானத்தைக் கடத்தி வாரணாசியில் இறக்கினார்கள். ஆயுதம்? பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும்! 1980-ல் இரண்டு பேரும் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனது தனிக் காமெடி.

ஆக, பயணிகள் உட்காரும் இடத்தில் துப்பாக்கி நிஜமா பொய்யா என்பது முக்கியமே இல்லை. பயம் நிஜமானால் போதும், விமானம் திசை மாறிவிடும். அதனால் பெயிண்ட்பால் துப்பாக்கி கேபினுக்குள் வரக்கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சோதனையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 1984 ஆகஸ்ட் 2-ம் தேதி ராத்திரி நம் மீனம்பாக்கத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அந்தப் பெட்டிகள் கொழும்பு விமானத்துக்குப் போகவேண்டியவை. பெட்டியைத் திறந்து காட்டு என்றால் காட்டத்தான் வேண்டும்.

ஆனால் கேபினின் நியாயம் வேறு, சரக்கு அறையின் நியாயம் வேறு. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கேபினில் ஆபத்து கண்ணில் தெரிகிற உருவத்தில் இருக்கிறது, சரக்கு அறையில் கண்ணுக்குத் தெரியாத அழுத்தத்தில் இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள், சிலிண்டர் கழற்றிய ரைபிளை யார் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? அது வெறும் இரும்புக் குழாய். பக்கத்திலேயே டவலில் சுற்றிக் கிடக்கும் சிலிண்டர்தான் கேள்வி கேட்கப்பட வேண்டிய ஆசாமி. நம் கவுன்டரில் கேபினுக்கான பயத்தை எடுத்துக்கொண்டு போய் சரக்கு அறைக்குப் போட்டுவிட்டார்கள். விளைவு, பையனுக்கு நாற்பது நிமிஷ அவமானம், விமானத்துக்கு நிறைந்த சிலிண்டர். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அமெரிக்காவில் இதைச் சுலபமாக முடித்திருக்கிறார்கள். அங்கே விமான நிலையச் சோதனையைக் கவனிக்கும் டி.எஸ்.ஏ. சொல்வது இதுதான்: பெயிண்ட்பால் துப்பாக்கி செக்-இன் பெட்டியில் போகலாம். சிலிண்டர் போக வேண்டுமானால் வால்வை முழுசாகக் கழற்றி, வாய் திறந்து, உள்ளே காலி என்று கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். காரணமும் நியாயமானது. எக்ஸ்ரேயில் சிலிண்டரின் உருவம் தெரியும், உள்ளே காற்று நிறைந்திருக்கிறதா என்பது தெரியாது. பெரியப்பா கேட்ட அதே "தொறந்து காட்டு"தான், இங்கிலீஷில்.

நம் ஊரில் பாதுகாப்பு விதி போடுவது பி.சி.ஏ.எஸ்., ஆபத்தான பொருள் விதிகளைப் பார்ப்பது டி.ஜி.சி.ஏ., கேபின் பையைச் சோதிப்பது சி.ஐ.எஸ்.எஃப்., பெட்டியை வாங்கிக்கொள்வதும் கட்டணம் கேட்பதும் விமான நிறுவனம். நாலு பேரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் கவுன்டரில் நிற்கிற பையனுக்கு ஒரே பதிலாக எதுவும் வந்து சேர்வதில்லை.

இது எங்கள் தெருப் பையனுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் டெல்லி ஏர்போர்ட்டில் மனு பாக்கரையே நிறுத்தினார்கள். அப்போதே அவர் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். போபாலுக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். டி.ஜி.சி.ஏ. அனுமதி கையில் இருந்தும் ஏர் இந்தியாவில் 10,200 ரூபாய் கேட்டார்கள் என்று அவர் ட்விட்டரில் எழுதினார். கட்டணம் விதிப்படிதான் என்பது ஏர் இந்தியா தரப்பு வாதம். விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகு விமானம் ஏறினார். அதே மனு பாக்கர்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார்.

அவருக்கு அமைச்சர் வந்தார். வரட்டும், சந்தோஷம். எங்கள் தம்பிக்கு யார் வருவார்? கண்ணாடிக்கு வெளியே நின்ற அவன் அம்மாவும் நானும்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலக அளவுக்குப் போனார் என்று பெருமைப்படுகிறோம். அவர்களும் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாத பையனாகவும் பெண்ணாகவும் இதே மாதிரி ஒரு பெட்டியோடு வரிசையில் நின்றவர்கள்தானே? தெரிந்த முகத்துக்கு ஒரு விதி, தெரியாத முகத்துக்கு ஒரு விதி என்றால் அதற்குப் பெயர் விதியே இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு பக்கம். ஒரே ஒரு அச்சடித்த பக்கம். விளையாட்டுத் துப்பாக்கி வந்தால் என்ன காகிதம் பார்க்க வேண்டும், எவ்வளவு கட்டணம், சிலிண்டரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுதி ஒவ்வொரு கவுன்டரிலும் ஒட்டட்டும். தமிழிலும் இருக்கட்டும். டிக்கெட் போடும்போதே அந்தக் கட்டணம் தெரியட்டும். முதல் கேள்வி "லைசென்ஸ் எங்கே" என்று இருக்க வேண்டாம், "சிலிண்டர் காலியா, காட்டு" என்று இருக்கட்டும்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. அதை மறைத்தால் இதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. காற்றை இறக்க மறந்தது தம்பி. ரைபிளோடு அதற்கென்றே ஒரு சின்னத் திருகு கொடுப்பார்கள், இரண்டு நிமிஷ வேலை. கூடப் போன நானும் கேட்கவில்லை. அத்தனை நேரம் கட்டணத்துக்குக் கொதித்த எனக்கும் சிலிண்டர் ஞாபகம் வரவில்லை. சிலிண்டரின் காலாவதித் தேதிக்கு வீரர்தான் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. காற்று இலவசம்தான், போய் இறங்கிய இடத்தில் அடித்துக்கொள்ளலாம். அதைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டிய அவசியம் என்ன?

திரும்பி வரும்போது தம்பி சிலிண்டரைக் காலி செய்து, தனியாக எடுத்து மேலே வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே "சார், இது காலி, பாருங்க" என்று மீட்டரைக் காட்டியிருக்கிறான். அந்தக் கவுன்டரில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குப்பா காட்டற, துப்பாக்கி லைசென்ஸ் எங்க?" என்று கேட்டாராம்.

கோவா கோஷ்டிக்கு: துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், விளையாடுகிற இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். கொண்டுவந்தே தீருவேன் என்றால், விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் காலி செய்து வாயைத் திறந்து வையுங்கள். மூன்று மணி நேரம் முன்னால் போங்கள்.

டிஸ்கி: எப்படியும் மகாபலிபுரம்தான். அதற்குப் பஸ் போதும் :-)